சின்னப் பலகைக்கு ஒரு பெயர்

என் முன்னறையை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாயில் பற்பசை நுரையோடு கண்ணாடி முன்னால் நின்று முடிவு செய்தேன். உயிரே போனாலும் சரி. மழுப்பல் கிடையாது. பின்வாங்கல் கிடையாது. கண்ணாடிக்குள் இருந்த ஆளும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டான்.

எனக்கு ஏன் இந்த வீராவேசம் என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இந்தப் பதினெட்டு வருஷத்தில் துணி அலமாரியின் நான்கு தட்டுகளில் மூன்றே முக்கால் தட்டு என் கையை விட்டுப் போயிற்று. டிவி ரிமோட் போயிற்று. குளியலறையில் என் ஷேவிங் பிரஷ் ஒரு மூலையில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. எனக்கென்று மிஞ்சியிருந்தது தெருவைப் பார்த்த ஜன்னலோடு கூடிய அந்த முன்னறை மட்டும்தான். அதில் என் சாய்வு நாற்காலி. என் முதுகின் மேடுபள்ளம் அத்தனையும் அதற்கு மனப்பாடம். மாலை ஐந்தரைக்கு ஆபீஸிலிருந்து வந்து அதில் விழுந்தால் எட்டரை வரைக்கும் நான் ராஜா. கையில் டீ, காலுக்கு ஸ்டூல், ரேடியோவில் யாராவது எதையாவது பாடிக்கொண்டிருப்பார்கள். நான் எதுவும் செய்ய மாட்டேன். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்தொரு மணி நேரத்தையும் சகித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்தது. திங்கட்கிழமை மாலை டீயை நீட்டிக்கொண்டே என் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, நான் ஒரு கடை வைக்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா வையேன்."

"பை, பெட்டி ரிப்பேர் பண்ற கடை."

"உனக்குக் கேக்கணுமா? ஜமாய்ச்சிடுவே."

"நம்ம முன்னறையிலதான்."

டீ மூக்கு வழியாக வந்தது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் ஜிப் போடும் பிரிவில் வேலை பார்த்தவள். திறக்காத ஜிப் எதுவானாலும் அவள் கையில் வந்தால் வாயைத் திறக்கும். ஒரு குறடு, ஒரு மெழுகுவத்தித் துண்டு, நாலே நிமிஷம். தெருவில் பாதிப் பேருடைய பைகள் ஏற்கனவே எங்கள் சமையலறையில்தான் கிடந்தன. குக்கருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய பெட்டிச் சக்கரம். அஞ்சறைப் பெட்டியில் ஓர் அறை முழுக்க ஜிப்பை இழுக்கும் ரன்னர்கள். ஒருநாள் குழம்பில் ஒன்று வந்தது. கறிவேப்பிலை என்று நினைத்து ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

"முடியாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தவன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் வேண்டாம் என்று சொன்னேன். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பிரிட்ஜோடு பேசினாள். "சாப்பாடு உள்ள இருக்குன்னு சொல்லிடு. சூடு பண்ணத் தெரியும்ல, அதையும் கேளு." பிரிட்ஜ் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் நானே போய் மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்தேன்.

ஆகையால் இந்தத் தடவை நேருக்கு நேர் மோதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுப்பது. அது என்ன ஆயுதம் என்று சொல்வதற்கு என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். சோப்பு டப்பா, பிஸ்கட் அட்டை, பற்பசை உறை எல்லாம் அங்கே அச்சாகிறது. அவை கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகும். ஒரு பெயர் இங்கே நல்ல பெயராக இருக்கும், கப்பலை விட்டு இறங்கினதும் அங்கே வில்லங்கமாகிவிடும். இங்கிலீஷ்காரன் 'கிஃப்ட்' என்றால் பரிசு. அதே நாலு எழுத்தை ஜெர்மன்காரனிடம் காட்டினால் விஷம் என்பான். ஸ்வீடன்காரன் அதைப் படித்துவிட்டு 'கல்யாணமானவர்' என்பான், விஷம் என்றும் சொல்வான். மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியதுண்டு. வெளியில் சொன்னதில்லை. இப்படிப்பட்ட சொற்களைப் பிடித்து நிறுத்துவதுதான் என் வேலை. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. எந்த மொழி, என்ன அர்த்தம், எந்த அகராதி, எத்தனையாம் பக்கம், கடைசியில் 'ஆகும்' அல்லது 'ஆகாது', கீழே என் கையெழுத்து. இரண்டு அகராதியாவது பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. ஆபீஸில் என்னை 'அகராதி' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். வீட்டில் 'அகராதி புடிச்ச மனுஷன்' என்று கூப்பிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளே வந்து என் கையில் ஆயுதத்தைக் கொடுத்தாள்.

"ஏங்க, கடைக்கு ஒரு பேரு வேணுமே. உங்களைவிட்டா வேற யாரைக் கேப்பேன்?"

கணக்கு உடனே மனதில் ஓடிற்று. பெயர் இல்லாமல் பலகை இல்லை. பலகை இல்லாமல் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் முன்னறை என்னுடையது. அவள் ஆயிரம் பெயர் சொல்லட்டும். ஆயிரத்தையும் ஏதாவது ஒரு மொழியில் வைத்து அடித்துவிடுவேன். 'கடை வேண்டாம்' என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். 'பெயர் சரியில்லை' என்று மட்டும் சொல்வேன். இதற்குப் பிரிட்ஜுக்குக்கூட என்னைக் குற்றம் சொல்ல வாய் வராது.

"சொல்லும்மா, நல்ல பேரா வச்சிடுவோம்" என்றேன்.

"சின்னப் பேரா இருக்கணுங்க. அண்ணன் வந்து அளந்து பாத்துச்சு. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஒரு முழந்தான் இடம். பெரிய பேரு நிக்காதாம்."

அண்ணன் என்றால் என் மச்சான். பெயர்ப் பலகை எழுதுகிறவர். எப்போதும் காதில் ஒரு பென்சில் இருக்கும்.

"சரி, சின்னதாவே சொல்லு."

"கலா?"

"மீன்!"

"என்னங்க?"

"ஃபின்லாந்துக்காரன் மொழியில கலான்னா மீன். பை தைக்கிற கடைக்கு மீன்னு எவனாவது பேர் வைப்பானா? மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடுவான்."

"நம்ம தெருவுல ஃபின்லாந்துக்காரங்க யாருங்க இருக்காங்க?"

"இன்னைக்கு இல்லை. நாளைக்கு வரலாம். வர்றவன் எதோட வருவான்? பெட்டியோட! பெட்டி ரிப்பேர்க் கடைக்கு வெளிநாட்டுக்காரனைவிடப் பெரிய கஸ்டமர் யாரு?"

அவள் யோசித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதுவும் சரிதாங்க" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மார்பு இரண்டங்குலம் விரிந்ததில் மூளைக்கு இடம் போதவில்லை.

மறுநாள் 'அனா' என்றாள். அரபியில் 'நான்', துருக்கியில் 'தாய்' என்றேன்.

"ஆஹா! நான், தாய்! எவ்வளவு நல்லா இருக்கு!"

"அவசரப்படாதே. ஜப்பான்காரனுக்கு அனான்னா ஓட்டை."

"ஐயையோ!"

"பைக் கடை. வாசல்ல கொட்டை எழுத்துல 'ஓட்டை'. வச்சுக்கறியா?"

"வேண்டாங்க, வேண்டாங்க." காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, ஆபீஸ்ல எப்படிப் பண்ணுவீங்களோ அதே மாதிரி அட்டையில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்களா? வாய்வார்த்தையாச் சொன்னா அண்ணன் நம்ப மாட்டேங்குது. 'மாப்பிள்ளை சும்மா அடிச்சு விடறாரு'ன்னு சிரிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லலாம். என் அட்டையைப் பற்றிச் சொல்லக் கூடாது.

"ஒவ்வொரு பேருக்கும் அட்டை உண்டு" என்றேன். "பக்க எண்ணோட."

"உங்களுக்கு ரொம்பச் சிரமம் இல்லையா?"

"சிரமமா? சொன்னாச் சொன்னதுதான்!"

ஆபீஸ் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அகராதிகள் அங்கேயே கிடக்கும். ஆகையால் ஐந்து மணிக்குமேல் நான் நூலகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே மாடியில், பிறமொழி அகராதிகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. யாரும் வரமாட்டார்கள். நூலகர் அம்மா ஒருவர்தான் இருப்பார். நான் பக்கத்தைப் புரட்டினாலே "உஷ்" என்பார். அந்த அறையில் அவரையும் என்னையும் தவிர வேறு யாரும் இல்லை என்று ஒருநாள் எடுத்துச் சொன்னேன். அதற்கும் "உஷ்" என்றார்.

போருக்குப் போகிறவன் மாதிரி தினமும் போனேன். மழை பெய்தது, போனேன். சளி பிடித்தது, போனேன். தும்மினேன், "உஷ்" என்றார், தும்மலை அடக்கிக்கொண்டு ரஷ்ய அகராதியைப் புரட்டினேன். மூன்று எழுத்தில் 'கபான்' என்று ஒன்று கொடுத்திருந்தாள். ஜப்பான் மொழியில் அதற்குப் பை என்றே அர்த்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? நல்லவேளை, ரஷ்யாக்காரன் காப்பாற்றினான். அவன் மொழியில் காட்டுப்பன்றி. அந்தக் காட்டுப்பன்றியைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது எனக்கு.

அது முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பினேன். தெருமுனையில் மச்சான் எதிர்ப்பட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்துவைத்துக்கொண்டு, பலகைக்கு என்ன மரம் நல்லது என்று ஒரு மணி நேரம் விளக்கினார். தேக்கில் ஆரம்பித்து ஒட்டுப்பலகை வரைக்கும் வந்தார். மனுஷனுக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் மூன்றெழுத்துச் சொல்லே வரவில்லை. எல்லாம் இரண்டெழுத்து. இரண்டெழுத்துச் சொல்லில் ஒரு தொல்லை இருக்கிறது. நீளமான சொல் ஒரு மொழியில் இருந்தால் இன்னொன்றில் இருக்காது. குட்டிச் சொல் அப்படியில்லை. எந்த மொழியைத் திறந்தாலும் உள்ளே உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். 'குரு' என்றாள். துருக்கியில் காய்ந்துபோனது, ஜப்பானில் 'வருகிறது'. எது வருகிறது, புகார்தானே என்று எழுதி 'ஆகாது' போட்டேன். 'யமா' என்றாள். ஜப்பானில் மலை, துருக்கியில் துணிக்குப் போடுகிற ஒட்டு. ஒட்டு! பழுது பார்க்கிற கடைக்கு! மறுபடியும் அகராதியை முன்னும் பின்னும் புரட்டினேன். பிறகு, நம்மூர்க் காதில் அது எமனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதித் தப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி, மூன்று மணி நேரம். வீடு திரும்பும்போது எட்டரை தாண்டியிருக்கும்.

அவள் வாசலில் நின்று அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள்.

"பாவம், இவ்வளவு கஷ்டப்படறீங்களே."

"நீ பேரைச் சொல்லிக்கிட்டே இரு. நான் பாத்துக்கறேன்."

"நாளைக்கு அவசரமே இல்லீங்க. நிதானமா எல்லா மொழியும் பாத்துட்டு வாங்க. பிளாஸ்குல டீ போட்டுத் தந்துடறேன்."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும்? எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. ஆனால் முன்னறையைப் பார்த்ததும் போய்விட்டது. அறை அப்படியே இருந்தது. நாற்காலி அங்கேயே இருந்தது. உட்கார்ந்தால் வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வெயில் என்று நினைத்தேன். எட்டரை மணிக்கு என்ன வெயில் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. தரையில் மெழுகுத் துளி கிடந்தது. "கரண்டு போச்சுங்க" என்றாள். தினமும் போயிற்று. மின்சார அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதி வைத்தேன்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை. ஆபீஸ் விடுமுறை. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுவதில்லை என்ற திட்டத்தோடு காலை ஒன்பது மணிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் பிளாஸ்கோடு வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு பேரு தோணிச்சு. இதுதாங்க கடைசி. இதுல மட்டும் குத்தம் இல்லேன்னா இதையே வச்சுடலாம். அண்ணன் பெயின்ட்டோட தயாரா இருக்கு."

நாற்காலியில் நிமிர்ந்தேன். "என்ன பேரு?"

"நே."

"நே?"

"நே. ஒரே எழுத்து. பலகையில கும்முனு நிக்கும்."

தமிழில் அதற்கு அன்பு என்று அர்த்தம். அன்பு என்கிற சொல்லை எப்படி அடிப்பது? அண்ணன் வேறு பெயின்ட்டோடு நிற்கிறார். பிளாஸ்கை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அன்றைக்கு நான் பார்த்த அகராதிகளை அடுக்கினால் மேஜை தெரியாது. கிரேக்கத்தில் நே என்றால் 'ஆமாம்'. கொரியாவிலும் 'ஆமாம்'தான். ஆமாம் என்று ஒரு கடைக்குப் பெயரா, மங்களமாக இருக்கிறதே என்று பேனாவைக் கீழே வைத்தேன். செக் அகராதியைத் திறந்தேன். 'இல்லை!' செர்பியாவில் 'இல்லை!' கத்திவிட்டேன். "உஷ்" விழுந்தது. ஹங்கேரியில் 'வேண்டாம், செய்யாதே'. துருக்கியில் 'என்ன?' ஃபின்லாந்தில் 'அவை'. ஜப்பானில் வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொண்டு, 'இல்லையா, சரிதானே' என்று எதிராளியின் சம்மதத்தைக் கேட்கிற சொல். அந்த ஜப்பான் நே எங்கள் வீட்டிலும் உண்டு. சம்மதம் கேட்கிற மாதிரி கேட்பாள். பதிலுக்காக நிற்க மாட்டாள்.

மூடுகிற மணி அடிக்கும்வரை எழுதினேன். அட்டையின் ஒரு பக்கம் போதவில்லை. மறுபக்கமும் எழுதினேன். நூலகர் அம்மாவே எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு எழுத்துக்கா சார் இவ்வளவும்?" என்று வாய்விட்டுக் கேட்டார். அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து வெற்றி முழக்கம் செய்தேன்.

"பலகையைப் பாத்து ஒருத்தன் 'ஆமாம்'னு உள்ள வருவான். ஒருத்தன் 'இல்லை'ன்னு திரும்பிப் போவான். மூணாவது ஆளு 'என்ன?'ன்னு வாசல்லயே நிப்பான். வாசல்ல ஒரே கலாட்டா. ஆகாது!"

அவள் அட்டையை வாங்கிக் கட்டை விரலால் வளைத்துப் பார்த்தாள். அது வளையவில்லை.

"ரெண்டு பக்கமும் எழுதிட்டீங்களே! கையெழுத்து எவ்வளவு அழகு!" என்றாள். "போனாப் போகுதுங்க. வேற யோசிக்கறேன்."

அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். ஐந்து வாரம். முப்பது பெயர். ஒன்றுகூட என்னைத் தாண்டிப் பலகைக்குப் போகவில்லை. என் முன்னறை என்னிடம் இருக்கிறது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு எங்கள் மேலாளர் தன் தோல் பையோடு என் மேஜைக்கு வந்தார். நல்ல மனுஷர். ஆனால் எதையும் இரண்டு தடவை சொல்வார்.

"அகராதி சார், இந்தப் பையைப் பாருங்க. பாருங்க இந்தப் பையை. அடிப்பக்கம் தொங்கிப் போய்க் கெடந்துச்சு. ரிப்பேருக்குக் குடுத்தேன். இப்ப கல்லு மாதிரி நிக்குது."

"நல்லது சார்."

"அடியில என்ன வச்சுத் தைச்சிருக்காங்கன்னு பிரிச்சுப் பாத்தேன். இதைப் பாருங்க."

கெட்டியான ஓர் அட்டையை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். 'நே. கிரேக்கம்: ஆமாம். கொரியா: ஆமாம். செக்: இல்லை.' திருப்பினேன். 'பரிந்துரை: ஆகாது.' கீழே என் கையெழுத்து.

அட்டையை மறுபடியும் திருப்பிப் பார்த்தேன்.

"இது உங்க எழுத்துதானே சார்? உங்க எழுத்துதானே?"

"எங்க சார் குடுத்தீங்க?"

"அதாங்க, அந்தப் பலகை இல்லாத கடை. ஊர்ல எல்லாரும் அங்கதான் குடுக்கறாங்க. கூட்டம் தாங்கல. ஆனா சாயங்காலம் அஞ்சு மணியிலேர்ந்து எட்டரை வரைக்குந்தான் திறந்திருக்கும். சனிக்கிழமை மட்டும் எப்பவாவது முழு நாள்."

"ஏன் அப்படி?"

"அந்தம்மா வீட்டுக்காரர் அதுக்கப்புறம் வந்துடுவாராம். ஏதோ சொல் ஆராய்ச்சி பண்றாராம். ரொம்ப உறுதியான மனுஷராம். மழை பெஞ்சாக்கூட நிக்க மாட்டாராம்."

அன்று நான் நூலகத்துக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு நடந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே வரிசை தெரிந்தது. முதுகுப் பை, கைப்பை, சக்கரப் பெட்டி, கிட்டார் உறை ஒன்று. வரிசை எங்கள் வாசற்படி ஏறி, என் முன்னறைக்குள் போய் முடிந்தது.

நான் படியேறினேன். பின்னாலிருந்து ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சார், வரிசையில வாங்க. நாங்கள்லாம் மனுஷங்களாத் தெரியலையா?"

"இது என் வீடுங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

எப்படியோ உள்ளே போனேன். மச்சான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண் போட்ட சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் ஸ்டூல். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஒரு சீட்டை நீட்டினார். நாற்பத்தேழு. சாய்வு நாற்காலியில் ஒரு தபால்காரர் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில் அப்படித்தான் தூக்கம் வரும், எனக்குத் தெரியும். ஜன்னலோரம் என் மனைவி. வாயில் இரண்டு ரன்னர், கையில் குறடு, எதிரில் திறந்து கிடக்கிற பெட்டி. முகத்தில் ஒரு களை. பக்கத்தில் நிற்கிற கிழவரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே ஜிப்பை ஒரு இழு இழுத்தாள். அது வெண்ணெய் மாதிரி ஓடிற்று. நின்றவர்கள் கைதட்டினார்கள். கோபம் பொங்கி வர வேண்டிய இடத்தில் ஒரு கணம் எனக்கும் கைதட்டத் தோன்றிற்று. அந்தத் தோன்றலை அடக்கிக்கொண்டேன்.

"என்ன இது?" என்றேன்.

அவள் பதறவில்லை. ரன்னரை வாயிலிருந்து எடுத்து வைத்தாள்.

"அஞ்சரைதானே ஆச்சு. இன்னைக்கு மறந்துபோய் யமாவையே ரெண்டாந்தடவை குடுத்துட்டேனா? அதனாலதான் சீக்கிரம் வந்துட்டீங்களா?"

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். மச்சானின் அழகான எழுத்து. 'நாலு எழுத்து: அரை மணி. மூன்று எழுத்து: முக்கால் மணி. இரண்டு எழுத்து: மூன்று மணி. ஒரு எழுத்து: முழு நாள்.'

"இதென்ன?"

"உங்க நேரங்க. முதல் வாரமே கவனிச்சுட்டேன். பேரு பெருசா இருந்தா ஓடி வந்துடறீங்க. பேரு சிறுசாக சிறுசாக லேட்டாகுது. அதனால கூட்டத்தைப் பாத்துப் பேரு குடுத்தேன். சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுப் பெட்டி இருபது வந்துச்சு. அதான் நே."

"நே உனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் நின்ற கிழவர் குல்லாயைத் தூக்கி வணக்கம் சொன்னார். "நான்தான் சார். முப்பது வருஷம் கப்பல்ல சமையக்காரன். துறைமுகத்துக்குத் துறைமுகம் நே கேட்டிருக்கேன். ஒரு ஊர்ல சோறு வந்துச்சு, ஒரு ஊர்ல அடி விழுந்துச்சு."

எனக்கு ஒரே ஒரு பிடி மிச்சமிருந்தது. அதை விடுவதாக இல்லை.

"பேரே வைக்காம எப்படிக் கடை திறந்தே? அனுமதி எங்க?"

ஜன்னலுக்கு மேலே கைகாட்டினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அனுமதிச் சீட்டு. ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி. 'கடையின் பெயர்' என்ற இடத்தில் ஒரு கோடு.

"பேரு இருந்தா எழுதுங்க, இல்லேன்னா கோடு போடுங்கன்னாங்க. போட்டேன்."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேட்டே?"

"முன்னறைன்னு சொன்னதுக்கே டீ மூக்கால வந்துச்சு. கேட்டிருந்தாக் குடுத்திருப்பீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தபால்காரர்கூட ஒரு கண்ணைத் திறந்தார்.

"மாட்டேன்" என்றேன்.

"அதாங்க" என்றாள். குரலில் கேலி இல்லை. "ஆறு வருஷம் இந்த வேலை பாத்தவ நான். பதினெட்டு வருஷமா இதுக்குக் கை ஏங்குச்சு. உங்களுக்கு மூணு மணி நேரம் சும்மா இருக்கணும், எனக்கு மூணு மணி நேரம் சும்மா இருக்கக் கூடாது. ஒரே அறைதானே இருக்கு."

தோற்றேன் என்பது தெரிந்துவிட்டது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதும் தெரிந்தது. இருந்தாலும் ஆண்மகன் அல்லவா? மிச்சமிருக்கிற மானத்தையாவது காப்பாற்ற வேண்டாமா? சளியோடும் தும்மலோடும் உட்கார்ந்து எழுதிய அட்டைகள் ஊரார் பையின் அடியில் கிடக்கின்றன. கையை ஓங்கி மேஜையில் அடித்தேன். ரன்னர்கள் துள்ளின.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்த அறை போனாப் போகட்டும். ஆனா இனிமே நான் ஒரு அட்டை... ஒரே ஒரு அட்டைகூட எழுதித் தர மாட்டேன். இது உறுதி!"

அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகம் மாறிற்று. குறடு கையிலிருந்து நழுவியது.

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க!"

"ஏன்? பேருதான் வேண்டாமே உனக்கு?"

"பேரு யாருக்குங்க வேணும்? அட்டை வேணுமே! உங்க ஆபீஸ் அட்டை மாதிரி கெட்டியா கடையில கிடைக்கவே மாட்டேங்குது. நாளன்னைக்குப் பெரிய பெட்டி நாலு வருது. இதுலயே ரெட்டை அளவு இருக்கும்ல?"

மறுநாள் காலை ஆபீஸில் என் முதல் வேலை, இரட்டை அளவு அட்டை கேட்டு மேலாளருக்கு விண்ணப்பம் எழுதியது.